அமீரும் அய்யாரும்

நட்பைப் பற்றிப் பேசப் புகும்போது, ஒத்த உள்ளங்களைப் பற்றியே நாம் பெரும்பாலும் பேசுகிறோம். ஒரே குணம், ஒரே நோக்கு, ஒரே விருப்பு வெறுப்பு ஆகியவை இருவரிடம் கூடிவிட்டால் நட்பு தானே மலரும் என்பது உலக வழக்கு. சம்பந்தம் பேசுவதற்குப் பார்க்கும் பொருத்தத்தை நட்புக்கும் பார்க்கிறோம். ஆனால், முஸ்லிம் உலகம் பல நூற்றாண்டுகளாகச் சொல்லியும் கேட்டும் மகிழ்ந்த ஒரு பெருங்கதை இவ்வழக்கை அறவே ஒதுக்கிவிடுகிறது. அதன் நடுவே நிற்கும் இரு நண்பர்களிடையே ஒற்றுமை என்று சுட்டிக்காட்ட எதுவுமே இல்லை. ஒருவர் மாவீரர், மற்றவன் திருடன். ஒருவர் கொடை வள்ளல்; மற்றவன் கருமி. ஒருவர் வாய்மை பிறழாதவர். மற்றவன் பேசுவதில் பாதி பொய். ஆயினும், இவ்விருவரில் ஒருவரை நீக்கிவிட்டால் அந்தக் கதையே இல்லை.

நான் குறிப்பிடுவது அமீர் ஹம்ஸாவின் தாஸ்தானை. கிஸ்ஸா என்றும் நாமா என்றும் மசலா என்றும் கதைக்குப் பல வடிவங்களை வகுத்துக் கொண்ட நம் தமிழ் முஸ்லிம்களுக்குத் தாஸ்தான் என்ற சொல் அவ்வளவாகப் பழக்கமில்லை. இரவு இரவாக, மாதக்கணக்கில், ஏட்டைப் பாராமல் சொல்லப்படும் நெடுங்கதையே தாஸ்தான். ஜின்களும் தேவுகளும் பரிகளும் மாய நகரங்களும் மந்திரக் கோட்டைகளும் நிறைந்த அற்புத உலகம் அது.

பாரசீகத்தில் உருப்பெற்ற அமீர் ஹம்ஸாவின் கதை துருக்கி, உருது, வங்காளம், மலாய், ஜாவானியம் எனப் பல மொழிகளில் குடிபுகுந்தது. பேரரசர் அக்பர் இளமையில் இக்கதைமீது கொண்ட மோகம் வரலாற்றில் பதிந்த ஒன்று. மீர் சையித் அலீ, அப்துஸ் ஸமது என்னும் பாரசீக ஓவியர்களின் தலைமையில் ஓர் ஓவியக் கூடத்தையே அமர்த்தி, ஏறத்தாழ 1562 முதல் 1577 வரை, துணியின்மேல் 1,400 பெரிய ஓவியங்களை அவர் தீட்டச் செய்தார். ஓவியத்தின் பின்புறத்தில் கதை எழுதப்பட்டது. இன்று எஞ்சியுள்ளவை 200-க்கும் குறைவு. அவற்றுள் சில, 1881-இல் காஷ்மீரில் சன்னல்களை மூடும் துணியாகத் தொங்கிக் கொண்டிருந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டு லண்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

உருது மொழியில் 1801-ஆம் ஆண்டு, கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காகக் கலீல் அலீ கான் அஷ்க் இதனை எழுதினார். 1855-இல் காலிப் லக்னவீயின் நூல் வெளிவந்தது. அதனை அப்துல்லாஹ் பில்கிராமீ திருத்தி விரித்து எழுத, லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் 1871-இல் வெளியிட்டது. இன்றும் பலர் படிப்பது இந்த நூலைத்தான். 2007-இல் இதன் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்துவிட்டது. அதே அச்சகம் பின்னர் இக்கதையை 46 தொகுதிகளாக விரித்து வெளியிட்டது என்றால், கேட்போரின் பசி எத்தகையது என்பதை ஊகித்துக் கொள்ளலாம். தில்லியின் கடைசி தாஸ்தான் கலைஞர் எனப் போற்றப்படும் மீர் பாகர் அலீ 1928-இல் மறைந்தார்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இக்கதையின் ஹம்ஸா வேறு. உஹதுப் போர்க்களத்தில் உயிர் நீத்த, பெருமானார் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையாரான ஹம்ஸா (ரலி) அவர்கள் வேறு. பெயரும் குடியும் பிறந்த ஊரும் அவர்களுடையவை; கதையில் வரும் செயல்களோ கற்பனை. சிஸ்தான் பகுதியில் வாழ்ந்த மற்றொரு ஹம்ஸாவின் வீரக்கதைகளும் இதில் கலந்தன என்று கருதும் ஆய்வாளர்களும் உளர். கதையை வரலாறாகக் கொள்ளலாகாது என நம் பெரியோர்கள் எச்சரித்தது மிகச் சரியானதே. அந்த வரம்பை மனத்தில் இருத்திக்கொண்டு, கதையைக் கதையாகவே காண்போம்.

பாரசீக மன்னர் நௌஷேர்வான் ஒரு கனவு காண்கிறார். காகம் ஒன்று தம் மணிமுடியைக் கவர்ந்து செல்ல, பருந்து ஒன்று அதனை மீட்டுத் தருகிறது. மக்காவில் பிறக்கவிருக்கும் ஒரு குழந்தையே அந்தப் பருந்து என்று விளக்கம் கூறிய அமைச்சர் புஸுர்ஜ்மிஹ்ர், அக்குழந்தையைக் காணப் பொன்னும் பொருளுமாக மக்காவுக்கு வருகிறார். அன்றைய தினம் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கெல்லாம் பரிசு உண்டு என்று அறிவிக்கப்படுகிறது. குறைஷித் தலைவர் அப்துல் முத்தலிபின் இல்லத்தில் ஹம்ஸா பிறக்கிறார்; குடும்பமே களிக்கிறது.

அதே ஊரில் உமையா என்றோர் ஒட்டகக்காரன். அவன் மனைவி நிறைமாதம்கூட ஆகாத கர்ப்பிணி. பரிசுப் பொன்னைப் பற்றிக் கேள்விப்பட்டவன், இன்றே பிள்ளையைப் பெற்றுவிடு என்று மனைவியை வற்புறுத்துகிறான். அவளால் இயலாது என்றதும் ஆத்திரத்தில் உதைக்கிறான். குழந்தை பிறக்கிறது, தாய் இறந்துவிடுகிறாள். அந்தக் குழந்தைதான் அம்ரு. பரிசு பெறுவதற்காக உமையா அதனைத் தூக்கிச் செல்ல, கையில் வாங்கிய அமைச்சரின் மோதிரத்தை அந்தப் பச்சிளங்குழந்தை கழற்றி வாயில் போட்டுக் கொள்கிறது. அது அவனுடைய முதல் திருட்டு. இவன் அய்யார்களுக்கெல்லாம் தலைவனாவான் என்று அமைச்சர் அன்றே சொல்லிவிடுகிறார்.

கேட்போர் சிரிக்கும் இடம் இது. ஆனால், அந்தச் சிரிப்புக்கு அடியில் கதை எதை வைத்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு குழந்தையை உலகமே எதிர்பார்த்து வரவேற்கிறது. மற்றொரு குழந்தை, தந்தையின் பேராசைக்காகத் தாயின் உயிரை விலையாகக் கொடுத்து உலகுக்கு வருகிறது. பிற்காலத்தில் அம்ரு ஒரு செப்புக்காசையும் செலவிட மனம் வராத கருமியாகத் திகழ்வதைப் படிக்கும் போதெல்லாம் இந்தப் பிறப்பு என் நினைவுக்கு வரும். பொன்னுக்காகப் பிறப்பிக்கப்பட்டவன் பொன்னை எப்படி விடுவான்?

இரு குழந்தைகளும் ஒரே செவிலித்தாயிடம் பால் அருந்தி வளர்கின்றன. பால்குடிச் சகோதரர் என்ற உறவு நம் மார்க்கத்தில் எத்துணை உறுதி வாய்ந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தவழும் வயதிலேயே அம்ரு நகைகளைத் திருடுகிறான். பள்ளி செல்லும் வயதில் ஆசிரியரைப் படாத பாடு படுத்துகிறான். ஹம்ஸா அவனைத் திருத்த முற்படுவதும் இல்லை. அவனைப்போல் ஆகிவிடுவதும் இல்லை. நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுவே.

உருவத்திலும் இருவர்க்கும் பொருத்தமில்லை. அமீர் அழகர், ஆண்மையின் இலக்கணம். அம்ருவையோ, தேங்காய் போன்ற தலையும் சீரகம் போன்ற கண்களும் கயிறு போன்ற கைகால்களும் உடையவனாகக் கதைசொல்லிகள் வருணித்து நகைப்பர். அமீருக்குப் புகழ்பெற்ற குதிரை ஒன்று உண்டு. அம்ருவுக்குக் குதிரையே வேண்டாம். வேறு எவரும் ஓட முடியாத விரைவில் ஓடும் வரம் அவனுக்கு உண்டு. குதிரைமேல் அமீரும் அதன் பக்கத்தில் ஓடிக்கொண்டே வம்பளக்கும் அம்ருவுமாக இருவரும் பயணம் போகும் காட்சி, இந்த நட்பின் சரியான சித்திரம் எனலாம். ஒருவர் மேலே, ஒருவன் கீழே. ஆனால் வேகம் ஒன்றே.

அய்யார் என்ற சொல்லுக்கு வேடதாரி, ஒற்றன், தந்திரக்காரன் என்றெல்லாம் பொருள் கொள்வர். வரலாற்றில் அய்யார்கள் உண்மையிலேயே இருந்தார்கள். பக்தாதிலும் ஈரானிய நகரங்களிலும் குழுக்களாக இயங்கிய அவர்களை, அரசாங்கம் கலகக்காரர் என்றது. ஏழை எளியோரில் பலர் தம் காவலர் என்றனர். 9-ஆம் நூற்றாண்டில் சிஸ்தானில் செம்புத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய யஃகூப் இப்னு லைஸ், அய்யாராகிப் பின் ஸஃப்பாரிய அரசையே நிறுவினார். 1082-இல் கைகாவூஸ் என்னும் சிற்றரசர் தம் மகனுக்காக எழுதிய ‘காபூஸ் நாமா’ என்னும் அறிவுரை நூலில், ஆண்தகைமை பற்றிப் பேசும் அத்தியாயத்தில், அய்யார்களின் நெறியும் பேசப்படுகிறது. சொன்னதைச் செய்தல், உண்மைக்கு மாறு செய்யாமை, பொறுமை ஆகியவை அந்நெறியின் தூண்கள். திருடர் கூட்டம் என்று ஊரார் ஏசிய ஒரு கூட்டத்துக்கு இப்படியொரு நெறி இருந்தது என்பதை அறிந்தபின், அம்ருவின் பாத்திரம் நமக்கு நன்கு விளங்கத் தொடங்குகிறது.

அமீர், நௌஷேர்வானின் மகள் மிஹ்ர் நிகாரை விரும்புகிறார். அவளும் அவரை விரும்புகிறாள். மன்னரின் மற்றோர் அமைச்சனான பக்தக், இத்திருமணம் நிகழாதிருக்க ஒவ்வொரு தடையாக ஏற்படுத்துகிறான். அவற்றுள் ஒன்று, ஸரந்தீபை ஆளும் லந்தூர் என்னும் பெருவீரனை அடக்கி வரவேண்டும் என்பது. ஸரந்தீப் என்பது இலங்கைதான். நாவலர்களும் யாத்திரிகர்களும் நாடிச் சென்ற அந்த நாட்டில், ஆதம் (அலை) அவர்களின் பாதச்சுவடு பதிந்ததாக முஸ்லிம்கள் போற்றி வந்த மலை இருக்கிறது. இப்னு பதூதா 1344-இல் அந்த மலைமீது ஏறிச் சென்றதைத் தம் பயண நூலில் விரிவாகக் கூறியுள்ளார். தாஸ்தானும் தன் நாயகர்களை அங்கே அழைத்து வருகிறது.

அந்தப் பாதமலையில்தான் அம்ருவுக்கு அவனுடைய புகழ்பெற்ற ஸம்பீல் கிடைக்கிறது. தோளில் மாட்டிக்கொள்ளும் சாதாரணப் பைதான் அது. ஆனால், உலகம் முழுவதையும் உள்ளே போட்டாலும் நிறையாது. எதிரியின் கூடாரத்தையும் அதிலுள்ள விளக்கையும் விரிப்பையும் சுருட்டிப் போட்டுக் கொள்வான். எதிரியையே பிடித்துப் போட்டுக் கொள்வதும் உண்டு. போர்த்தினால் பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் மறைக்கும் போர்வையும் அவனிடம் உண்டு. ஆகவே வீரர்க்கு அருளப்பட்டது ஆயுதம். கருமிக்கு அருளப்பட்டது நிறையாத பை. அவரவர் இயல்பை மாற்றாமல், அந்த இயல்புக்கே பயன்படும் கொடையை அருள்வது இக்கதையின் பெருந்தன்மை. அந்தப் பையிலிருந்து ஒரு காசை வெளியே எடுக்கச் சொன்னால் மட்டும் அம்ரு அழுவான்.

லந்தூர் அடங்குகிறான், அடங்கியவன் அமீரின் தோழனும் ஆகிறான். அமீரின் பாசறை இப்படித்தான் நிரம்புகிறது. வில்லாளி முக்பில் இருக்கிறான். அவனுக்கு ‘வஃபாதார்’, அதாவது விசுவாசி என்றே பட்டம். மலைபோன்ற உடலும் அதற்கேற்ற பசியும் கொண்ட ஆதி இருக்கிறான். மன்னர்களும் தளபதிகளும் இருக்கிறார்கள். இத்தனை பேர் இருக்க, கதையின் மிகப் பெரிய பொறுப்பு எவரிடம் ஒப்படைக்கப்படுகிறது என்பதில்தான் நான் சொல்லவந்த செய்தி அடங்கியிருக்கிறது.

காஃப் மலைக்கு அப்பாலுள்ள பரிகளின் அரசர் ஷாஹ்பால், கொடிய தேவுகளிடம் நாட்டை இழந்து அமீரின் உதவியை நாடுகிறார். அமீர் புறப்படுகிறார். 18 நாட்களில் திரும்பிவிடுவேன் என்பது அவர் தந்த சொல். மிஹ்ர் நிகாரையும் படையையும் அம்ருவின் பொறுப்பில் விட்டுச் செல்கிறார். காஃபில் வெற்றி கிட்டுகிறது. ஆனால், அரசரின் மகள் ஆஸ்மான் பரி அவரை மணந்துகொண்டு, திரும்பவிடாமல் தடுத்துவிடுகிறாள். ஒவ்வொரு முறையும் வழி தவறுகிறது. ஒவ்வொரு முறையும் நாள் நீள்கிறது. 18 நாட்கள் 18 ஆண்டுகள் ஆகின்றன.

இந்த 18 ஆண்டுகளும் அம்ரு என்ன செய்தான்? இங்கே நௌஷேர்வானின் படைகள் மிஹ்ர் நிகாரைக் கவர்ந்து செல்லத் திரண்டு வருகின்றன. அவளை மணக்கத் துடிக்கும் சிற்றரசர்களும் உடன் வருகின்றனர். அம்ரு ஒரு கோட்டையைப் பிடிக்கிறான். உணவு தீர்ந்ததும் அதைவிட்டு மற்றொரு கோட்டைக்குப் பெயர்கிறான். வேடமிட்டு எதிரியின் பாசறைக்குள் புகுந்து தானியம் கொண்டுவருகிறான். மதிலேற முயல்வோர் மீது எண்ணெய்த் தீயைப் பொழிகிறான். போர்க்களத்தில் நேருக்கு நேர் நின்று போரிடுவது அவன் வழக்கமன்று. அவன் அறிந்ததெல்லாம் பொய், வேடம், களவு, ஓட்டம். அந்த நான்கையும் கொண்டே ஒரு பெண்ணின் மானத்தையும் ஒரு படையின் உயிரையும் நண்பன் வரும்வரை காத்து நிற்கிறான்.

வாய்மையாளர் எனப் பெயர் பெற்ற அமீரால் 18 நாட்கள் என்ற சொல்லைக் காக்க இயலாமற் போயிற்று. பொய்யன் எனப் பெயர் பெற்ற அம்ரு 18 ஆண்டுகள் தன் சொல்லைக் காத்தான். கதை இதைச் சுட்டிக்காட்டிப் பிரசங்கம் செய்வதில்லை. நாமே கண்டுகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறது.

கடல் கடந்து பொருளீட்டப் போவதைச் ‘சபர்’ என்று சொல்லிப் பழகிய நம் குடும்பங்களுக்கு இந்த நாள் கணக்கை விளக்க வேண்டுவதில்லை. இரண்டு ஆண்டுகளில் திரும்புவேன் என்று கப்பலேறியவர்கள் பத்து ஆண்டுகள் கழித்துத் திரும்பிய இல்லங்கள் நம் கடற்கரை ஊர்களில் எத்தனை! என் தந்தையாரும் 1961-இல் அப்படித்தான் பினாங்குக்குப் போனார், 1970-இல் திரும்பினார். அவர் இல்லாத ஆண்டுகளில் எங்கள் தென்னந்தோப்பையும் இரு கடைகளின் வாடகையையும் பார்த்துக்கொண்டவர் அவருடைய இளமைக்காலத் தோழர் ஒருவர். என் தந்தையார் ஐவேளைத் தொழுகையும் அளந்த பேச்சுமாக வாழ்ந்தவர். அந்தத் தோழரோ தேங்காய்த் தரகர்; பேரம் பேசுவதில் ஊரறிந்த வல்லவர்; பிறருக்கு ஒரு குவளைத் தேநீர் வாங்கிக் கொடுத்தார் என்ற கெட்ட பெயர் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. “உங்களுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா?” என்று உறவினர்கள் என் தந்தையாரைக் கேட்டார்களாம். அவர் சிரித்துக்கொண்டே, “மச்சான் தன் காசையே செலவழிக்க மாட்டான், என் காசையா செலவழிக்கப் போகிறான்?” என்றாராம்.

மாதம் பிறந்தால் அந்த மனிதர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்வார். நிலைப்படியை ஒருநாளும் தாண்டியதில்லை. “தங்கச்சி, கணக்கைக் கேட்டுக்கங்க” என்று உள்ளே குரல் கொடுத்து, கதவுக்கு அப்பால் நிற்கும் என் உம்மாவுக்குக் கேட்கும்படி வரவும் செலவும் படித்துவிட்டுப் பணத்தை என் கையில் எண்ணித் தருவார். ஒன்பது ஆண்டுகள் இவ்வாறு நடந்தது. என் தந்தையார் திரும்பிய மறுநாள் கணக்கு நோட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். கடைசிப் பக்கத்தின் செலவு வரிசையில், அந்த நோட்டுகள் வாங்கிய விலையும் பைசா குறையாமல் எழுதப்பட்டிருந்தது. என் தந்தையார் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அதையும் கொடுத்தார். அவரும் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். கருமித்தனமும் அமானிதமும் ஒரே மனிதரிடம் ஒன்றையொன்று கெடுக்காமல் குடியிருக்கக் கூடும் என்பதை நான் அங்கே கண்டிருந்ததால், தாஸ்தானில் அம்ருவைச் சந்தித்தபோது அவன் எனக்கு அந்நியனாகத் தோன்றவில்லை.

அமானிதம் என்பது, உரியவர் இல்லாத வேளையில் சோதிக்கப்படும் குணம். கண்முன் இருக்கும் நண்பனிடம் நல்லவனாக நடப்பது எளிது. அவன் முகம் மறந்துபோகும் அளவுக்கு ஆண்டுகள் கழிந்து, அவன் திரும்புவான் என்ற நம்பிக்கையையும் ஊரார் இழந்த பிறகு, அவனுடைய பொருளை அவனுடையதாகவே வைத்திருப்பதே கடினம். மக்கத்துக் குறைஷியர் பெருமானார் (ஸல்) அவர்களின் போதனையை எதிர்த்தபோதும், தங்கள் பொருள்களை அப்பெருமகனாரிடமே ஒப்படைத்து வைத்திருந்தார்கள். ஹிஜ்ரத் புறப்படும் இரவிலும் அவற்றை உரியவரிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை நிறுத்திச் சென்றதை நாமறிவோம். கொள்கையால் பகைத்தவரும் நாணயத்தில் ஐயுறவில்லை. ஒரு மனிதரை அளக்கப் பல அளவுகோல்கள் உண்டு. அவற்றுள் இது தனியானது.

அமீர் தம் நண்பனை இந்த அளவுகோலால் அளந்தார் என்பதே இந்நட்பின் மறைபொருள். அம்ருவின் குறைகள் அவருக்குத் தெரியாதவை அல்ல. அவற்றால் அவரே பலமுறை நகைப்புக்கு உள்ளானவர். ஆனால், குறைகளை ஒருபுறமும் நம்பகத்தை மறுபுறமும் வைத்து, இரண்டும் வெவ்வேறு என்று பிரித்தறியும் பார்வை அவருக்கு இருந்தது. நாமோ பெரும்பாலும் தோற்றத்தையும் பேச்சையும் கண்டு நம்பகத்தைத் தீர்மானிக்கிறோம். கண்ணியமாகப் பேசுபவரிடம் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கிறோம். கரடுமுரடானவரைக் கண்டால் கதவைச் சாத்துகிறோம்.

அம்ருவின் பக்கமும் ஒரு செய்தி உண்டு. உலகம் முழுவதையும் ஏமாற்றுபவனுக்கு, ஏமாற்றவே கூடாத ஒரு மனிதர் தேவைப்படுகிறார். அந்த ஒருவர் இருப்பதனால்தான் அவன் வெறும் கள்வன் ஆகாமல் அய்யாராக நிற்கிறான். அமீரின் நட்பு அவனுடைய திருட்டை நிறுத்தவில்லை. அவன் கடக்கக் கூடாத எல்லையை அவனுக்குத் தந்தது. அதேபோல், அம்ரு இல்லாதிருந்தால் அமீரின் வீரம் வெறும் பெருமிதமாக இறுகிப் போயிருக்கும். மன்னர்கள் எல்லாரும் புகழும்போது, பக்கத்தில் ஓடிவந்து கேலி பேச ஒருவன் வேண்டும் அல்லவா?

இக்கதை சென்ற இடமெல்லாம் கேட்போர் நெஞ்சில் அம்ரு தனியிடம் பெற்றதன் காரணமும் இதுவே. ஜாவாவில் அவன் உமர்மாயா ஆனான். அங்கே மரப்பாவைக் கூத்தில் இன்றும் அவனைக் காணலாம். மலாக்காவிலும் இக்கதை புகழ் பெற்றிருந்தது. 1511-இல் போர்த்துக்கீசியர் தாக்கவிருந்த இரவில், வீரர்கள் மன உறுதி பெறுவதற்காக முஹம்மது ஹனஃபிய்யாவின் கதையைப் படிக்கக் கேட்டார்கள் என்றும், உங்கள் வீரத்துக்கு அமீர் ஹம்ஸாவின் கதையே போதும் என்று சுல்தான் முதலில் இதனை அனுப்பினார் என்றும் மலாய் வரலாற்று நூலான ‘செஜாரா மெலாயு’ கூறுகிறது. போருக்கு முன்னிரவில் மனிதர்க்குத் துணையாகும் தகுதி இக்கதைக்கு உண்டென்று அவர்கள் எண்ணினார்கள்.

இறுதியாக, வரலாறு கூறும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கதையில் வரும் அய்யாருக்கு அமைந்த பெயரிலேயே ஒரு நபித்தோழர் வாழ்ந்தார்கள். அம்ரு இப்னு உமையா அள்ளம்ரீ (ரலி) அவர்களே அவர். விரைந்து செயல்படும் துணிவும் தந்திரமும் மிக்கவர் என்று வரலாற்றாசிரியர்கள் அவர்களைப் பற்றிக் குறிப்பிடுவர். ஹிஜ்ரி 4-இல் பிஃரு மஊனாவில் தோழர்கள் வஞ்சகமாகக் கொல்லப்பட்ட செய்தியை மதீனாவுக்குக் கொணர்ந்தவர் அவர்களே. கொலைக்களத்தில் விடப்பட்ட குபைப் (ரலி) அவர்களின் உடலை மக்காவின் காவலர்களிடமிருந்து மீட்கத் துணிந்தவரும், அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷியிடம் பெருமானாரின் தூதராகச் சென்றவரும் அவர்களே. ஆனால், அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியது உஹதுக்குப் பிறகு. பத்ரிலும் உஹதிலும் அவர்கள் குறைஷியர் அணியில் இருந்ததாக இப்னு ஸஃது எழுதுகிறார். ஹம்ஸா (ரலி) அவர்களோ ஹிஜ்ரி 3-இல், அதாவது கி.பி. 625-இல், அந்த உஹதிலேயே ஷஹீதானார்கள்.

ஆக, வரலாற்றில் இவ்விரு பெயர்களுக்கும் உரியவர்கள் கடைசியாக ஒரே களத்தில் இருந்தபோது எதிரெதிர் அணிகளில் நின்றார்கள். தோழமை கொள்ள அவர்களுக்குக் காலம் வாய்க்கவில்லை. ஒருவர் போன பிறகே மற்றவர் வந்தார். பிற்காலத்துக் கதைசொல்லிகளோ அதே இரு பெயர்களை எடுத்து, ஒரே நாளில் பிறக்கச் செய்து, ஒரே மடியில் பாலருந்த வைத்து, வாழ்நாள் முழுவதும் பிரியாத தோழர்களாக்கினார்கள். களத்தின் இரு பக்கங்களில் நிற்பவர்களும் காலம் சற்றுப் பொறுத்திருந்தால் நண்பர்களாகியிருக்கக் கூடும் என்பது, பல நூற்றாண்டுகளாக அக்கதை நமக்குச் சொல்லிவரும் செய்தி. நம் ஊர்களிலும் குடும்பங்களிலும் பேச்சு அறுந்து கிடக்கும் மனிதர்களை நினைக்கும்போது, அச்செய்தி கற்பனைதானே என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை.